சீழை வென்ற டாக்டர் லிஸ்டர்

1877-ம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டன் மாநகரில் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் மேஜையில் ஒரு மனிதர் படுத்திருந்தார். அவருடைய முழங்கால் சில்லு இரண்டாக உடைந்திருந்தது. ஆனால் தோல் கிழியவில்லை.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. காலை நீட்டிக் கட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். உடைந்த சில்லு சரியாக ஒட்டாது. ஆயுள் முழுவதும் காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டியதுதான். போனாலும் கால் போகட்டும், உயிராவது தங்கட்டும் என்பதே டாக்டர்களின் எண்ணம்.

அன்று மேஜை அருகே நின்ற டாக்டர் அப்படி நினைக்கவில்லை. கத்தியை எடுத்தார். கிழியாத தோலைக் கிழித்தார். முழங்கால் மூட்டையே திறந்தார். உடைந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வெள்ளிக் கம்பியால் கட்டினார். புண்ணை மூடினார்.

செய்தி நகரம் முழுவதும் பரவியது. மூத்த டாக்டர்கள் கொதித்தார்கள். நோயாளி இறந்தால் இந்த ஆள் மீது வழக்குப் போட வேண்டும் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. ஏனென்றால் திறந்த மூட்டில் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்தால் காலை வெட்ட வேண்டும். வெட்டினாலும் பாதிப் பேர் பிழைப்பதில்லை. இது அன்று எல்லோரும் அறிந்த உண்மை.

ஆனால் அந்த மனிதர் சாகவில்லை. முழங்காலில் சீழும் வரவில்லை. சில்லு ஒட்டியது. கால் மடங்கியது!

அந்தத் துணிச்சல்கார டாக்டரின் பெயர் ஜோசப் லிஸ்டர். அவருக்கு அந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் 12 ஆண்டு உழைப்பு இருந்தது.

பூதக்கண்ணாடி வீடு

லிஸ்டர் 1827-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந்தேதி லண்டனை அடுத்த அப்டன் என்ற ஊரில் பிறந்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஆடம்பரம் கூடாது, பொய் கூடாது, சண்டை கூடாது என்று வாழ்ந்தவர்கள் அவர்கள்.

தந்தை மது வியாபாரி. ஆனால் அவருடைய மனம் முழுவதும் நுண்ணோக்கியில் இருந்தது. அந்த நாளில் நுண்ணோக்கியில் பார்த்தால் பொருளைச் சுற்றி வானவில் நிறங்கள் படர்ந்து மங்கலாகத் தெரியும். அந்தக் குறையை நீக்கும் கண்ணாடி வில்லைகளை அமைத்துக் காட்டியவர் அந்தத் தந்தைதான். கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று இருக்கிறது என்பதை மகன் சிறு வயதிலேயே வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டான். பின்னால் அதுவே உலகத்துக்குப் பயன்பட்டது.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் அப்போது குவேக்கர்கள் பட்டம் பெற முடியாது. ஆகவே லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் லிஸ்டர் சேர்ந்தார். படிக்கும் காலத்தில் அம்மை போட்டியது. அண்ணன் இறந்தார். மனம் உடைந்து சில காலம் படிப்பையே விட்டுவிட்டார். திக்குவாயும் உண்டு. இப்படிப்பட்ட இளைஞர்தான் மீண்டு வந்து 1852-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவுக்குப் போனார். அங்கே ஜேம்ஸ் சைம் என்ற புகழ்பெற்ற டாக்டரிடம் தொழில் கற்றார். 1856-ல் குருவின் மகள் ஆக்னஸை மணந்தார். வேறு சபைப் பெண்ணை மணந்ததால் குவேக்கர் சபையை விட்டு விலக நேர்ந்தது. குழந்தைப் பாக்கியம் இல்லை. ஆனால் ஆக்னஸ் கணவருக்கு வலது கையாக இருந்தார். வீட்டிலேயே ஆராய்ச்சி நடக்கும். கணவர் சொல்லச் சொல்ல அவர் பக்கம் பக்கமாக எழுதி வைப்பார்.

சாவு விடுதிகள்

1860-ல் லிஸ்டர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மறு ஆண்டு கிளாஸ்கோ ராயல் ஆஸ்பத்திரியில் விபத்து வார்டு அவர் பொறுப்பில் வந்தது.

கிளாஸ்கோ தொழிற்சாலை நகரம். கப்பல் கட்டும் துறை, இரும்பு ஆலை, பஞ்சாலை எல்லாம் நிறைந்த ஊர். பிழைப்புத் தேடிப் பல இடங்களிலிருந்தும் வந்த ஏழைத் தொழிலாளர்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். இயந்திரத்தில் சிக்கிய கை, வண்டி ஏறிய கால் என்று தினமும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

மயக்க மருந்து அப்போது வந்துவிட்டது. ஆகவே ஆபரேஷனில் வலி இல்லை. ஆனால் சாவு குறையவில்லை. ஆபரேஷன் நன்றாக முடியும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வரும். புண் சிவந்து வீங்கும். சீழ் கொட்டும். வார்டு முழுவதும் அழுகல் நாற்றம் அடிக்கும். கை கால் வெட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் லிஸ்டரின் வார்டிலேயே இறந்துகொண்டிருந்தார்கள்.

டாக்டர்கள் கை கழுவாமல் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் போவார்கள். ரத்தக் கறை படிந்த பழைய கோட்டுதான் ஆபரேஷன் உடுப்பு. கறை அதிகம் இருந்தால் அனுபவம் அதிகம் என்று பெருமை! சீழ் வருவது நல்லது, கெட்ட நீர் வெளியேறுகிறது என்று நம்பியவர்களும் உண்டு. கெட்ட காற்றுதான் காரணம் என்பது மற்றவர்கள் முடிவு.

லிஸ்டருக்கு இதில் திருப்தி இல்லை. ஒரு விஷயம் அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருவனுக்குக் கால் எலும்பு உள்ளுக்குள்ளேயே முறிகிறது. தோல் கிழியவில்லை. கட்டுப் போட்டால் ஆறிவிடுகிறது. சீழ் வருவதில்லை. இன்னொருவனுக்கு அதே எலும்பு, அதே முறிவு. ஆனால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவன் காலையோ உயிரையோ இழக்கிறான். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் என்ன? தோலில் ஒரு துவாரம். அவ்வளவுதான்! அப்படியானால் கொல்வது முறிவு அல்ல. அந்தத் துவாரத்தின் வழியாக உள்ளே போகும் ஏதோ ஒன்றுதான் கொல்கிறது.

அது என்ன?

பாஸ்டர் காட்டிய வழி

1865-ல் விடை கிடைத்தது. கிளாஸ்கோவில் ரசாயனப் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆண்டர்சன் என்பவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் கட்டுரைகளை லிஸ்டருக்குச் சொன்னார். பால் கெடுவதும், ஒயின் புளிப்பதும், இறைச்சி அழுகுவதும் வெறும் காற்றால் அல்ல. காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களால்தான் என்று பாஸ்டர் நிரூபித்திருந்தார்.

பால் கெடுவதற்கும் புண் அழுகுவதற்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று லிஸ்டர் முடிவு செய்தார். அந்தக் கிருமிகளை ஒழிக்க மூன்று வழிகள் இருந்தன. காய்ச்சலாம், வடிகட்டலாம், மருந்து போட்டுக் கொல்லலாம். மனிதனின் காலைக் காய்ச்ச முடியுமா? வடிகட்டத்தான் முடியுமா? மூன்றாவது வழி ஒன்றுதான் மிச்சம்.

கார்லைல் என்ற ஊரில் சாக்கடைத் தண்ணீரின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றுகிறார்கள் என்று லிஸ்டர் கேள்விப்பட்டார். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் பொருள் அது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் மேயும் மாடுகளுக்குப் பூச்சி நோயும் வரவில்லையாம். சாக்கடையின் அழுகலைத் தடுப்பது புண்ணின் அழுகலையும் தடுக்காதா?

பழைய கார்பாலிக் சோப்பின் வாசனை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வாசனைக்கும் இந்தக் கதைக்கும் உறவு உண்டு.

வண்டி ஏறிய சிறுவன்

1865 மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோற்றது. லிஸ்டர் விடவில்லை.

ஆகஸ்டு 12-ந்தேதி ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனைத் தூக்கிவந்தார்கள். வண்டிச் சக்கரம் இடது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலில் புண் திறந்திருந்தது. வழக்கப்படி பார்த்தால் அந்தக் காலை வெட்ட நேரும் ஆபத்து இருந்தது.

லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின் மீது வைத்தார். மருந்து ஆவியாகிப் போகாமல் அதன் மேல் வெள்ளீயத் தகடு வைத்துக் கட்டினார். காலுக்கு இருபுறமும் கட்டை வைத்தார். நான்கு நாள் கட்டைப் பிரிக்கவே இல்லை.

நான்காம் நாள் பிரித்தார். அழுகல் நாற்றம் வருமோ என்று மூக்கைக் கொண்டுபோனால், கார்பாலிக் வாசனைதான் வந்தது. சீழ் இல்லை! மருந்தின் காரத்தால் தோல் சற்று வெந்திருந்தது. அதற்காக மருந்தின் காரத்தைக் குறைத்துப் போட்டார். ஆறு வாரத்தில் எலும்பு ஒட்டியது. சிறுவன் இரண்டு காலோடு வீடு திரும்பினான்.

ஒரு சிறுவன் பிழைத்தால் போதாது, அது தற்செயலாக இருக்கலாம் என்று லிஸ்டர் பொறுமையாக இருந்தார். இதே மாதிரி 11 பேருக்குச் சிகிச்சை செய்து முடித்தார். ஒன்பது பேர் காலும் கையும் தப்பிப் பிழைத்தார்கள். ஒருவருக்குக் காலை எடுக்க நேர்ந்தது. ஒருவர் இறந்தார். 1867-ல் இந்த விவரங்களை லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். தோற்றதையும் மறைக்காமல் எழுதினார்.

அதே ஆண்டு அவருக்கு இன்னொரு சோதனை வந்தது. உடன்பிறந்த சகோதரி இசபெல்லாவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் செய்யப் பலர் தயங்கினார்கள். புண்ணில் சீழ் பிடித்தே இறந்துவிடுவார் என்று பயம். கடைசியில் லிஸ்டரே தம் வீட்டில் வைத்து ஆபரேஷன் செய்தார். கூடப் பிறந்தவள் உடம்பில் கத்தி வைக்கும் போது அந்த மனம் என்ன பாடு பட்டிருக்கும்! ஆனால் புண் ஆறியது. சகோதரி மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்.

கணக்கு பேசியது

கை கால் வெட்டும் ஆபரேஷன்களில் லிஸ்டர் வைத்த கணக்கு இது. புதிய முறைக்கு முன்னால் 1864, 1866 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 35 பேருக்குச் செய்ததில் 16 பேர் இறந்தார்கள். புதிய முறையில் 1867 முதல் 1869 வரை 40 பேருக்குச் செய்ததில் 6 பேர்தான் இறந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பக்கத்து மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, 1849-ல் காலராவில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் மேல்மட்டத்திலேயே அடுக்கடுக்காகக் கிடந்தன. அப்படிப்பட்ட இடத்தில் இருந்த வார்டிலேயே சீழும் அழுகலும் ஒழிந்தன என்றால், காரணம் கெட்ட காற்று அல்ல என்பது விளங்கியது.

ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. குளோரோபாரம் மயக்க மருந்தைக் கொண்டுவந்த புகழ்பெற்ற ஜேம்ஸ் சிம்சனே எதிர்த்தார். பிரான்சில் லெமேர் என்பவர் கார்பாலிக் அமிலத்தை முன்பே பயன்படுத்திவிட்டார் என்று வாதாடினார். அது உண்மைதான். ஆனால் கிருமியைத் தடுப்பது என்ற கொள்கையை வைத்து, ஆபரேஷன் முறை முழுவதையும் மாற்றியவர் லிஸ்டர்தான். கண்ணுக்குத் தெரியாத பூச்சி எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம் என்று கேலி செய்தவர்கள் லண்டனில் நிறைய இருந்தார்கள்.

வெளிநாட்டார் முந்திக்கொண்டார்கள். ஜெர்மனியில் வோல்க்மன் போன்ற டாக்டர்கள் இந்த முறையைக் கையாண்டு உயிர்களைக் காப்பாற்றினார்கள். 1875-ல் லிஸ்டர் அங்கே போனபோது ஊர் ஊராக விருந்து, வரவேற்பு. சொந்த நாட்டுத் தலைநகரம் மட்டும் அசையவில்லை.

அதனால்தான் 1877-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் அழைத்தபோது, எடின்பரோவில் இருந்த பெரும் புகழையும் திரளான மாணவர்களையும் விட்டு லிஸ்டர் புறப்பட்டார். லண்டனில் அவர் பாடத்துக்கு வந்த மாணவர்கள் வெகு சிலர். அந்த ஆண்டு அக்டோபரில்தான் முதலில் நாம் பார்த்த முழங்கால் ஆபரேஷன் நடந்தது.

மூட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்துப் பாருங்கள். உடம்பில் கிருமி புகுந்தால் மிக மோசமாகக் கெடும் இடங்களில் மூட்டும் ஒன்று. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. சீழ் சேர்ந்தால் அது சில நாளிலேயே அரிபட்டுப் போகும். திரும்ப வளர்வதும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தைத் தாமே திறந்து, சீழ் இல்லாமல் மூடிக் காட்டினால் மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? 1883-ல் லண்டன் மருத்துவச் சங்கத்தில், முழங்கால் ஆபரேஷன் செய்து குணமானவர்களையே கொண்டுவந்து நிறுத்தினார். அவர்கள் நடந்து காட்டினார்கள். வாதம் முடிந்தது.

தவறை ஒப்புக்கொண்டவர்

லிஸ்டர் செய்தது எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. காற்றில் உள்ள கிருமியைக் கொல்வதற்காக 1871 முதல் ஆபரேஷன் அறையில் கார்பாலிக் புகையைத் தூவும் ஒரு கருவியை வைத்தார். அதனால் டாக்டர்களின் கை வெந்தது, மூச்சு முட்டியது. பிறகு வந்த ஆராய்ச்சிகள், ஆபத்து காற்றில் அதிகம் இல்லை. கையிலும் கருவியிலும் துணியிலும்தான் அதிகம் என்று காட்டின. அந்தக் கருவியை முன்பே கைவிட்டுவிட்ட லிஸ்டர், 1890-ல் பெர்லின் மாநாட்டில் தம் தவறை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். உலகப் புகழ் பெற்ற ஒருவர் இப்படிச் செய்வது சிறிய காரியம் அல்ல.

கிருமியை மருந்தால் கொல்வதைவிட, கருவிகளையும் துணிகளையும் நீராவியில் வேகவைத்துக் கிருமியே வராமல் தடுப்பது மேல் என்ற முறை அதன்பின் பரவியது. கையுறையும் முகமூடியும் வந்தன. எல்லாம் லிஸ்டர் போட்ட விதையில் முளைத்தவை.

பட்டங்கள் தேடி வந்தன. 1895 முதல் 1900 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார். 1897-ல் பிரபு ஆனார். ஆனால் 1893-ல் இத்தாலியில் மனைவி ஆக்னஸ் நிமோனியாவில் இறந்த பிறகு அவர் வாழ்வில் ஒளி குன்றிவிட்டது. 1902-ல் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஏழாம் எட்வர்டு மன்னருக்கு வயிற்றில் சீழ்க்கட்டி வந்து ஆபரேஷன் நடந்தபோது, முதியவர் லிஸ்டரைக் கலந்துகொண்டுதான் செய்தார்கள். கிளாஸ்கோ வண்டிச் சிறுவனைக் காத்த அதே அறிவு மன்னரையும் காத்தது.

பம்பாய்க்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு. பிளேக் நோய் பம்பாயைச் சூறையாடிய காலத்தில், 1905-ல் அமைந்த ஆராய்ச்சிக் குழுவை அனுப்பியதில் லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கும் பங்கு உண்டு. எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று அந்தக் குழுவின் ஆராய்ச்சி உறுதி செய்தது.

1912 பிப்ரவரி 10-ந்தேதி, 84-வது வயதில் லிஸ்டர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், மன்னர்களும் மேதைகளும் உறங்கும் இடத்தில் அவரை அடக்கம் செய்ய நாடு விரும்பியது. அவரோ மனைவியின் பக்கத்தில்தான் என்று முன்பே எழுதி வைத்துவிட்டார். வெஸ்ட் ஹாம்ஸ்டெட் கல்லறையில் ஆக்னஸின் அருகே அவர் உறங்குகிறார்.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

பட்டறையிலும் கட்டட வேலையிலும் நம்மவர்களுக்கு அடிபடாத நாள் இல்லை. முழங்காலில் கம்பி குத்துகிறது. விரல் கணுவைத் தகடு கிழிக்கிறது. காயம் சின்னதுதானே, ஒரு நாள் கூலி போய்விடுமே என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். அங்கேதான் ஆபத்து. மூட்டின் மேல் உள்ள காயம் கடுகு அளவு இருந்தாலும் அது உள்ளே மூட்டு வரை போயிருக்கலாம். ரத்தத்தோடு எண்ணெய் மாதிரி வழவழப்பான நீர் கசிந்தால் மூட்டு திறந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, கிரீஸ் எதையும் அப்பக்கூடாது. காரமான கிருமிநாசினியையும் காயத்துக்குள் ஊற்ற வேண்டாம்; கிருமியைக் கொல்லும் மருந்து மூட்டின் குருத்தையும் கெடுக்கும். நல்ல தண்ணீர் விட்டு வெளி அழுக்கைக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, மூட்டை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதை எடுத்துச் செல்லுங்கள். அங்கே நோய்க்கிருமியைக் கொல்லும் ஊசியைச் சீக்கிரம் போடுவார்கள். ரண ஜன்னி தடுப்பு ஊசியும் போடுவார்கள். மூட்டு திறந்திருந்தால் ஆபரேஷன் அறையில் உப்பு நீரால் உள்ளே நன்றாகக் கழுவிச் செத்த சதையை நீக்குவார்கள். இதெல்லாம் சில மணி நேரத்துக்குள் நடந்தால் மூட்டு பிழைக்கும். தாமதித்தால் மூட்டு விறைத்துப் போகும்; உழைக்கிற காலும் கையும் போய்விடும்.

கார்பாலிக் அமிலம் இன்று புண்ணில் போடப்படுவதில்லை. அதன் இடத்தில் எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் கொல்வது காயம் அல்ல, காயத்தின் வழியே உள்ளே போகும் கிருமிதான் என்று லிஸ்டர் கண்ட உண்மை மாறவில்லை. அந்த ஒரு துவாரத்தை அலட்சியம் செய்யாமல் இருப்பதுதான் அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.